சேனைச் சங்கு

சன்னல் ஓரம் நான் உக்காந்துக்கிறேன் தாயி, தப்பா நெனைக்காத. பஸ்ஸு பொகை எனக்கு ஆகாது, கொமட்டும். நீ கைப்புள்ளக்காரி, உனக்கும் எதிர்காத்து ஆகாது. அந்தத் துண்ட நல்லா இழுத்து மூடு. புள்ள மொகத்தையும் சேத்து மூடு. ஏறுறவன் எறங்குறவன் கண்ணெல்லாம் ஒண்ணுபோல இருக்காது. முன்னால பையோட நிக்கிறது உன் வீட்டுக்காரரா? நிக்கட்டும். ஆம்பளைக கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டாக.

எங்க போற, சாத்தூருக்கா? நானும் சாத்தூருதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கோழிக்கடை வேலுத்தாய்னு கேட்டாச் சின்னப்புள்ளகூடக் கை காட்டும். கடை எங்க வீட்டுக்காரரு பேருலதான் இருக்கு. கல்லாவுல உக்காருறது நான். அம்மா வீட்டுக்கா போற? மாமியா வீட்டுல பெத்துட்டு அம்மா வீட்டுக்குப் போறது தலைகீழாவுல்ல இருக்கு. ஓ, வலி முந்திக்கிருச்சா. அது நம்ம கையிலயா இருக்கு.

நான் மதுரையில ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காத. பேரச் சொன்னாலே எனக்கு அந்தப் பினாயில் வாடை மூக்குல ஏறிருது. எந் தம்பி பொண்டாட்டிக்கு ஆம்பளப்புள்ள பொறந்திருக்கு. கூட இருந்து பாத்துக்கத்தான் போனேன். இப்ப என்னைய வெளிய அனுப்பிட்டாக. வெளியன்னா ரூமுக்கு வெளிய இல்ல தாயி, ஊர விட்டே. பையில துணிமணிய வச்சுக் கையில குடுத்து, ஆட்டோ புடிச்சு ஏத்தி விட்டுட்டான் எந் தம்பி. நான் தூக்கி வளத்த பய.

சொல்றேன் கேளு. நீயும் புள்ளப் பெத்தவ, உனக்குப் புரியும்.

எங்க வீட்டுல ஒரு மொறை உண்டு. புள்ள பொறந்தா அத்தைக்காரிதான் சேனை வைக்கணும். உங்க பக்கமும் அப்படித்தானே? மொத மொதல்ல நாக்குல சீனித்தண்ணியத் தொட்டு வைக்கிறது. யாரு கையால வைக்கிறாகளோ அவுக கொணந்தான் புள்ளைக்கு வரும். அதனால வீட்டுல நல்ல ஆளாப் பாத்துத்தான் வைக்கச் சொல்லுவாக. எந் தம்பி மாரிக்கண்ணனுக்கு நான்தான் வச்சேன். அப்ப எனக்குப் பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும். எங்கத்தைக்காரி கோவிச்சுக்கிட்டுக் கெடந்ததால எங்கப்பா என்னைய வைக்கச் சொன்னாரு. அதான் அவனும் என்னைய மாதிரியே இருந்தான். சூதுவாது தெரியாது, ஒரு பொய் வாயில வராது.

இருந்தான்னுதான் சொல்றேன். இப்ப எல்லாம் மாறிப்போச்சு.

அவன் பொண்டாட்டி சுபாஷினி. மதுரைக்காரி. எம்.எஸ்ஸி படிச்சிருக்கா. என்னைய மதினின்னு கூப்புடச் சொன்னா அண்ணின்னுதான் கூப்புடுவா, அதுல என்ன பெருமையோ. அவ ஆத்தா பள்ளிக்கூடத்து டீச்சரு. லீவு கெடைக்கலையாம், சாயங்காலந்தான் எட்டிப் பாப்பாக. பெத்த மகளுக்கு வகுத்த அறுத்துப் புள்ளய எடுத்திருக்கு, இந்தம்மாவுக்குப் பரீச்சைப் பேப்பரு திருத்தணும். அசிங்கமா இருக்காது? நான் கடைய வீட்டுக்காரரு தலையில போட்டுட்டு ஓடுனேன். பகலு பூராவும் நான்தான்.

புள்ளயப் பாத்ததும் வெள்ளிச் சங்க எடுத்தேன். இந்தா, இந்தப் பையில இருக்கு பாரு. வேணாம், அப்புறம் எடுக்குறேன், அடியில கெடக்கு. பழைய சங்குதான். புளி போட்டுத் தேச்சு வெளக்கிக் கொண்டு போனேன். சீனித்தண்ணியும் கரைச்சு வச்சுட்டேன். அவ படுத்த வாக்குல கைய நீட்டித் தடுக்குறா. "அண்ணி, எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க, பால் மட்டுந்தான்"ங்குறா. எந்தப் பாலு? அங்க பாலு எங்க இருந்துச்சு? மஞ்ச மஞ்சளா, பிசுபிசுன்னு, பிசினு மாதிரி நாலு சொட்டு. எங்க காலத்துல அதைப் பீச்சிக் கீழ விட்டுட்டுத்தான் புள்ளய மார்ல போடுவோம். அது கெட்டுப்போன பாலுன்னு சொல்லுவாக. இவ அதைத்தான் புள்ள வாயில திணிக்கிறா. நர்ஸு ஒருத்தி வந்து கூசாம மாரப் புடிச்சு அமுக்கி, புள்ள வாயப் பொளந்து வைக்கிறா. எனக்குப் பாக்கச் சகிக்கல. மொகத்தத் திருப்பிக்கிட்டேன்.

சரி, மொறைய விட முடியுமா? நாளைக்கு இந்தப் பய அடங்காம திரிஞ்சா, அத்தை சேனை வைக்கலன்னு என்னையத்தான பேசுவாக? மத்தியானம் அவ மாத்திரைய முழுங்கிட்டு அசந்து தூங்குனா. தம்பி மருந்து வாங்கப் போயிட்டான். புள்ள வீல்னு அழுதுச்சு. ஒரு சங்கு ஊத்துனேன். சப்புக் கொட்டிக் குடிச்சுச்சு தாயி. குடிச்சுட்டு அப்படியே தூங்கிருச்சு. என்ன ஒரு தூக்கம்.

தொட்டுத்தான் வைக்கணும், ஊத்தக் கூடாதும்பாக. பசிச்ச புள்ளைக்குத் தொட்டு வச்சா ஆகுமா? அப்புறம் அழுகுறப்ப எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தினேன். அவ முழிச்சுப் பாத்தா புள்ள தூங்குது. மார்ல போட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. "ஏன் அண்ணி குடிக்கவே மாட்டேங்குறான்"னு அழுகுறா. உன்கிட்டப் பாலு இருந்தாத்தான குடிப்பான்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். வாய் விட்டுச் சொல்லல. பெத்த ஒடம்புக்காரிய நோகடிக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு இது உண்டு.

உம் புள்ளயும் நல்லாத் தூங்குதே. நான் திருமங்கலத்துல உன்னைய ஏத்தி உக்கார வச்சதுல இருந்து ஒரு சிணுங்கல் இல்ல. நல்ல புள்ள.

அந்த ஆஸ்பத்திரிக் கூத்தக் கேளு. தெனம் காலையில புள்ளயத் தூக்கிட்டுப் போயி, துணிய உருவிப்போட்டு, அம்மணமாத் தராசுல போடுறாக. பச்சப்புள்ளய! எங்க கடையில பிராய்லர் கோழிய ரெண்டு காலச் சேத்துப் புடிச்சு அப்படித்தான் தராசுல தொங்க விடுவோம். அதை வாங்கித் திங்கிறாக, எடை போடுறோம். இதை எதுக்கு எடை போடணும்? நிறுத்துப் பாத்துட்டு, கொறஞ்சிருக்கு, கொறஞ்சிருக்குன்னு ஒருத்தி மொகத்த ஒருத்தி பாக்குறா. கொறையாதா பின்ன? நாமக்கல்லுல இருந்து லோடு ஏறி வர்ற கோழியே சாத்தூரு வர்றதுக்குள்ள எடை கொறஞ்சுதான் வருது. வழியில தீனி இல்ல, தண்ணி இல்ல, கொறையத்தான் செய்யும். ஒண்ணு ரெண்டு கூண்டுலயே செத்தும் கெடக்கும். அது தொழில்ல உள்ளதுதான், அதுக்காக யாரும் கோழியத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடல.

அதோட விட்டாளா அந்த நர்ஸு? "பாப்பா எத்தனை தடவ ஒண்ணுக்குப் போச்சு"ன்னு கேக்குறா. சீ. பெரியவ ஒருத்திகிட்டக் கேக்குற கேள்வியா இது? புள்ள மூத்திரத்த எவளாச்சும் எண்ணுவாளா? எண்ணுனா கண்ணு பட்டுரும். போகுது போகுது, நெறையப் போகுதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். தெனமும் வந்து கேட்டா, தெனமும் அதையே சொன்னேன். துணி காஞ்சுதான் கெடந்துச்சு, அதையெல்லாம் போயி அவகிட்டச் சொல்ல முடியுமா? ஒரு தடவ துணியில செங்கப்பொடி கரைச்ச மாதிரி ஒரு கறை. சூடுன்னு எனக்குத் தெரியும். சத்தமில்லாம அலசிப் போட்டேன். சுபாஷினி பாத்தா வீணா பயந்துருவா.

ஆனா புள்ள நெறம் இருந்துச்சே, அதைச் சொல்லணும். எங்க வம்சமே கரிக்கட்டை. நான் எப்படி இருக்கேன் பாரு, எந் தம்பி என்னையவிட ஒரு படி தூக்கல். அவளும் ஒண்ணும் பெரிய செவப்பு இல்ல. அப்படி இருக்க, புள்ள நாளாக நாளாகத் தளதளன்னு மஞ்ச நெறத்துக்கு வருது. அவ மாசமா இருந்தப்பக் குங்குமப்பூ வாங்கி அனுப்புனது யாரு? நான்தான். அது வீண் போகலன்னு நெனச்சேன். பாக்க வந்தவுககிட்ட எல்லாம் துணிய வெலக்கிக் காட்டுனேன். வெளக்க அணைச்சாலும் எங்க மருமகன் தெரிவான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக.

அந்தச் சிரிப்பு பொறுக்கல அந்த டாக்டருக்கு. பொம்பளப்புள்ள, சின்ன வயசு, தலைய வாரிக் கொண்டை போட்டுக்கூட வரத் தெரியாது. அன்னைக்குக் காலையில வந்தா. புள்ளயச் சன்னல் பக்கம் தூக்கிட்டுப் போயி, மூக்கு மேல பெருவெரல வச்சு அமுக்குனா. எடுத்தா. பாத்தா. நெஞ்சுல அமுக்குனா. வகுத்துல அமுக்குனா. கடைசியா உள்ளங்கால்ல அமுக்கிப் பாத்தா. அப்புறம் வாய்க்குள்ள வெரல விட்டு நாக்கத் தொட்டுப் பாத்தா. கழுவுன வெரலோ கழுவாத வெரலோ. எனக்கு உவ்வேன்னு வந்துச்சு.

பாத்துட்டு என் பக்கம் திரும்பி, "வெளியில இருந்து எதுவும் குடுத்தீங்களாம்மா?"ன்னு கேட்டா. நான் அவ கண்ணப் பாத்தே சொன்னேன், ஒண்ணும் குடுக்கலைன்னு. சேனை வைக்கிறது குடுக்குற கணக்குல வருமா? வராதுல்ல? பொய் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது தாயி.

குதிகால்ல ஊசியக் குத்தி ரத்தம் எடுத்தாக. புள்ள சரியா அழுகக்கூட இல்ல, முனகுச்சு. பாத்தியா, தைரியசாலி. ஆனா அவுகளுக்கு அதுவும் குத்தமாப் போச்சு. அழுகாததுதான் தப்புங்குறாக. அழுதா ஏன் அழுகுதுன்னு ஓடியாறாக, அழுகலன்னா ஏன் அழுகலன்னு ஓடியாறாக. இதுகளை என்ன சொல்றது?

அப்புறம் நடந்ததுதான் கேவலம். புள்ளயத் தூக்கிட்டுப் போகணும்னு ஆயாம்மா வந்து, அடியில விரிச்ச துணிய எடுத்து ஒதறுனா. சீனி எறும்பு. பொடிப்பொடியா, துணி பூரா. புள்ள கடைவாயோரம்கூட ரெண்டு ஊருது. கட்டில் கால் வழியா வரிசையா எறங்கிப் போகுது. அந்தப் பொம்பள குனிஞ்சு, வரிசையப் புடிச்சுக்கிட்டே போனா. நேரா கட்டிலுக்கு அடியில என் பையி. பையத் தொறந்தா சங்கும் சீனித்தண்ணி டம்ளரும், மேல எறும்பு மொச்சுக்கிட்டுக் கெடக்கு.

அடுத்தவ பையத் தொறக்குறது எந்த ஊரு மொறை? அதை யாராச்சும் கேட்டாகளா? யாரும் கேக்கல. டாக்டரு அந்த டம்ளரத் தூக்கி மோந்து பாத்தா. சுபாஷினி மொகத்துல ஈயாடல. கத்துவான்னு நெனச்சேன், கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவ கத்தல. புள்ள கடைவாய முந்தானையால தொடச்சா. தொடச்சுக்கிட்டே இருந்தா.

அப்புறம் டாக்டரு ஒரு பாடம் நடத்துனா பாரு, எல்லாருக்கும் முன்னால. பொறந்த புள்ள எல்லாமே மொத சில நாள்ல கொஞ்சம் எளைக்குமாம், அது இயற்கையாம், அப்புறம் தேறிருமாம். ஆனா இந்தப் புள்ள பத்துல ஒரு பங்குக்கு மேல எளைச்சுப் போச்சாம். அந்த மஞ்சப் பாலு நாலு சொட்டே போதுமாம், புள்ள சப்பச் சப்பத்தான் பாலு ஊறுமாம். நான் சீனித்தண்ணியக் குடுத்து வகுத்த நெரப்புனதால புள்ள சப்பல, சப்பாததால பாலு ஊறல, பாலு இல்லாததால வெளிக்குப் போகல. வெளிக்குப் போனாத்தான் ஒடம்புல இருக்குற மஞ்ச எறங்குமாம், போகாததால ஏறிக்கிட்டே இருக்காம், உள்ளங்கால் வரைக்கும் மஞ்ச தெரிஞ்சா முத்திருச்சுன்னு அர்த்தமாம். கேட்டியா கதைய? எல்லாம் ஒரு சங்கு சீனித்தண்ணியாலயாம். ஊரு ஒலகத்துல எத்தனை லட்சம் புள்ளைக சேனை குடிச்சு வளந்திருக்கு. எல்லாம் என்ன செத்தா போச்சு?

புள்ளயக் கொண்டு போயி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டாக. அரணாக்கயிறுகூட இல்லாம, அம்மணமா. கண்ணக் கறுப்புத் துணியால கட்டிட்டாக. மேல நீல லைட்டு. டீக்கடை வாசல்ல ராத்திரி போட்டுருப்பானே, கலர் லைட்டு, அந்த மாதிரி. கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். என் தங்க நெறத்து மருமகன் நீலம் பாரிச்சுக் கெடக்கான். ரத்தம் மாத்த வேண்டி வந்தாலும் வரும்னு சொன்னாக. அதைக் கேட்டதும் தம்பி அப்படியே செவத்துல சாஞ்சுட்டான்.

நான் போயி அவன் தோளத் தொட்டேன். இவுக காசு புடுங்கப் பயங்காட்டுறாகடா, புள்ளய எடுத்துக்கிட்டு வா, இளவெயில்ல காட்டுனா சரியாப் போயிரும்னு சொன்னேன். அவன் என்னைய நிமுந்து பாத்தான். என்ன சொன்னான் தெரியுமா? "மொத தடவையாக்கா இது உனக்கு?"ன்னான். அவ்வளவுதான். ரெண்டு நாளு வராண்டாவுலயே கெடந்தேன், இன்னைக்குக் காலையில போயிப் பைய எடுத்துட்டு வந்துட்டான்.

என்னத்தச் சொல்ல வந்தான்னு எனக்கு இன்னும் வெளங்கல. என்னத்தையோ சொன்னான். பொண்டாட்டி சொல்லிக் குடுத்திருப்பா.

புள்ளையா, புள்ள இப்பப் பரவாயில்லையாம். ரத்தம் மாத்தாமலே எறங்குதாம். நான் ஆட்டோவுல ஏறுறப்ப ஆயாம்மா வந்து சொன்னா, நல்லாச் சத்தம் போட்டு அழுகுறான், பாலு குடிக்கிறான்னு. எறும்பக் காட்டிக் குடுத்த அதே பொம்பள. எந்த மொகத்த வச்சுக்கிட்டு வந்து என்கிட்டச் சொல்றா பாரு. சந்தோசந்தான். நல்லாருக்கட்டும். தானாச் சரியாகுறதுக்குத்தான் இருந்துச்சு, இவுக லைட்டுப் போட்டதுனாலன்னு சொல்லிக்கிருவாக.

கள்ளிக்குடி தாண்டிருச்சா? தூசியப் பாரு, வாயெல்லாம் மண்ணு.

என்னது? ஆமா, எனக்குப் புள்ளைக ரெண்டு. ஒருத்தி கட்டிக் குடுத்தாச்சு, ஒருத்தன் கடையில நிக்கிறான். அதுக்கு முன்னால ஒண்ணு. தலைச்சன். பொம்பளப்புள்ள. இந்தச் சங்கு அவளுக்கு எங்கம்மா செஞ்சு போட்டது. அப்புறம் பொறந்ததுகளுக்கு இதை எடுக்கல. எடுக்கத் தோணல. அந்த ரெண்டும் பொறந்தப்ப நான் காச்சல்லயும் போன புள்ள நெனப்புலயும் கெடந்தேன், சேனை கீனை எவளும் வைக்கல. அப்படியே மாருப்பால் குடிச்சு வளந்துச்சுக.

அவ நெறம் இருக்கே தாயி. மருமகன் நெறம் எல்லாம் அதுக்குக் கிட்ட வராது. தெருவே வந்து பாத்துச்சு. வேலுத்தாய்க்கு இப்படி ஒரு புள்ளயான்னு. தங்கமணின்னு பேரு வைக்கணும்னு அவுக அப்பா சொன்னாரு. நானே என் கையால இந்தச் சங்குல ஊத்துவேன். ஒரு தொந்தரவு கெடையாது. அழுகாது, பாலு கேக்காது, தூங்கிக்கிட்டே இருக்கும். இப்படி ஒரு நல்ல புள்ள யாருக்கு வாய்க்கும்னு என் மாமியா எல்லார்கிட்டயும் சொல்லும்.

ஒரு நா காலையில ஒடம்பப் பின்னாடி வளைச்சுச்சு. வில்லு மாதிரி. தொண்டையில கீச்சுன்னு ஒரு சத்தம். தம்பி அப்ப என் வீட்டுலதான் இருந்தான், ஸ்கூல் லீவு. அவந்தான் மொதல்ல பாத்துட்டு என்னையக் கூப்புட்டான். காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னாக. வேப்பெல அடிச்சாக. மத்தியானத்துக்குள்ள போயிருச்சு. காத்து கருப்புதான். வேற என்ன? கண்ணு பட்டிருக்கும், தெருவே வந்து பாத்துச்சுல்ல.

ஆனா அந்த டாக்டரு இருக்காளே, அவ சுபாஷினிகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா. மஞ்ச மூளைக்கு ஏறிருச்சுன்னா புள்ள ஒடம்பப் பின்னால வளைக்கும், கீச்சுன்னு கத்தும்னு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். அவ எப்படி அதைச் சொல்லலாம்? அவ வந்து பாத்தாளா? அன்னைக்கு அவ பொறந்துகூட இருக்க மாட்டா. அவளுக்கு யாரு சொன்னது வளைச்சுச்சுன்னு? அவ சொல்றது நெசம்னா, அப்ப நான்... இல்ல தாயி. அது நெசமா இருக்கக் கூடாது. படிச்சுட்டு வந்து வாய்க்கு வந்தத ஒளறுதுக.

பஸ்ஸு திரும்புது, வெயிலு இந்தப் பக்கம் வந்துருச்சு. உம் புள்ள இன்னுமா எந்திரிக்கல? இவ்வளவு குலுக்குக் குலுக்குறான் டிரைவரு. எங்க, கொஞ்சம் குடு. குடு தாயி, நான் தூக்காத புள்ளையா. துண்ட எடுத்தாத்தான் தெரியும்.

நல்ல நெறமா இருக்கே.

இரு. ஒண்ணுமில்ல. அந்த டாக்டரு மாதிரி மூக்குல சும்மா அமுக்கிப் பாக்குறேன், வெளையாட்டுக்கு. என்ன சொல்ற? முந்தாநாளே இப்படித்தானா? சட்டையத் தூக்கு. நெஞ்சு. வகுறு. கால எடு வெளிய. உள்ளங்காலக் காட்டு தாயி.

துணி கடைசியா எப்ப நனைஞ்சுச்சு? ஞாபகம் இல்லைன்னா என்ன அர்த்தம்? எண்ணலையா? ஒண்ணுக்குக்கூடவா எண்ண மாட்டாக? காலையில இருந்து மாத்தவே இல்லையா? துணியில செகப்பாக் கறை பாத்தியா? பாத்தியா இல்லையா, சொல்லு. ஏய், புள்ள, கண்ணத் தொற. உள்ளங்கால்ல சுண்டுறேன் பாரு, முழிக்க மாட்டேங்குது. வாயக் காட்டு. நாக்கு காஞ்சு ஒட்டுதே தாயி. மார்ல போடு. இங்கயே போடு, எவன் பாத்தா என்ன, நான் மறைச்சுக்கிறேன். சப்பலையா? வாயத் தொறக்கலையா?

சீனித்தண்ணி குடுத்தாகளா? யாரு? உன் நாத்தனாரா. சங்குலயா, சரி. சரி விடு, அழுகாத. அவளை எதுக்கு இப்பத் திட்டுற. அவ நல்லது நெனச்சுத்தான் குடுத்திருப்பா.

எந்திரி. உன் வீட்டுக்காரரக் கூப்புடு. கண்டக்டரு, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கிட்ட நிறுத்துய்யா. ஸ்டாப்பு இருக்கோ இல்லையோ நிறுத்து, கைப்புள்ள இருக்கு. சாத்தூரு டிக்கெட்டு சாத்தூரு டிக்கெட்டுன்னா? டிக்கெட்டு கெடக்கட்டும்யா. அந்தப் பைய விடு, நான் எடுத்துக்கிறேன். நானும் வர்றேன், எனக்கென்ன, கடையில ஆளு இருக்கு. புள்ளய மூடாத. மூடாதங்கிறேன்ல, மொகம் தெரியட்டும். எறங்குற வரைக்கும் உள்ளங்கால்ல சுண்டிக்கிட்டே வா, தூங்க விடாத.

உள்ள போனதும் துணிய உருவித் தராசுல போடுவாக. போடட்டும். வெரல வச்சு அமுக்குவாக, அமுக்கட்டும். நீல லைட்டுக்கு அடியில போட்டாலும் பயப்படாத, கண்ணக் கட்டுறது கண்ணுக்கு நல்லதுக்குத்தான். நான் பாத்திருக்கேன்.

அப்புறம் தாயி, டாக்டரு கேப்பாக. வெளியில இருந்து எதுவும் குடுத்தீங்களான்னு கேப்பாக. ஒண்ணும் குடுக்கலைன்னு மட்டும் சொல்லிராத.